அந்த ஐந்தாவது கம்பி கீழே இல்லை, சார்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மாணவர் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய கிட்டார் கலைஞர் காஸ்பர் ஸான்ஸின் ‘கனாரியோஸ்’ வாசித்துப் பதிவு அனுப்பியிருக்கிறார். விரல் சுத்தம், தாளம் சுத்தம். ஆனால் ஒரு ஸ்வரம் மேலே நிற்கிறது, அடுத்தது தொபுக்கென்று கீழே விழுகிறது, மறுபடி மேலே. ஏன் இப்படி என்று கேட்டால், “அந்தக் காலத்து ஆள் சார், கொஞ்சம் கரடுமுரடாத்தான் எழுதியிருக்கார்” என்று பதில் வருகிறது. பாவம் ஸான்ஸ், 350 வருஷம் கழித்து இந்தப் பழியும் அவர் தலையில்.

ஸான்ஸ் காலத்துப் பரோக் கிட்டார் என்றால் ஆறாவது கம்பி இல்லாத நம் கிட்டார்தான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அதில் ஐந்து வரிசை, பெரும்பாலும் ஜோடிக் கம்பிகள். பெயர் என்னவோ இ, பி, ஜி, டி, ஏ என்று நமக்குத் தெரிந்த அதே பெயர்தான், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அந்த டி-யும் ஏ-யும் எந்த ஸ்தாயி என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இது ரகசியமும் இல்லை. 1674-ல் சரகோசாவில் வெளியிட்ட நூலில் ஸான்ஸே எழுதி வைத்திருக்கிறார்: ரோமில் நாலாவதிலும் ஐந்தாவதிலும் மெல்லிய கம்பிதான் போடுகிறார்கள், ஸ்பெயினில் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் தடித்த கம்பியும் போடுகிறார்கள், வீசி அடித்துப் பாட்டுக்குத் துணை வாசிக்கத் தடித்தது நல்லது, ஒவ்வொரு கம்பியாக நுணுக்கமாக மீட்ட மெல்லியது நல்லது. முன்னுரையைப் படியுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

மெல்லிய கம்பி போட்டால் என்ன ஆகும்? ஐந்தாவது ஏ, மூன்றாவது ஜி-யைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே போய்விடும். நாலாவது டி, இரண்டாவது பி-யையே தாண்டிவிடும். கருவியிலேயே தாழ்ந்த ஒலி, நடுவில் இருக்கும் மூன்றாவது கம்பிக்குத்தான். இப்போது இதை வாசித்துப் பாருங்கள்: முதல் கம்பி சும்மா, நாலாவது சும்மா, ஐந்தாவதில் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாவது சும்மா, ஐந்தாவது சும்மா, மூன்றாவது சும்மா. ஸான்ஸின் கிட்டாரில் இது இ, டி, சி, பி, ஏ, ஜி என்று வழுவழுப்பாக இறங்கும்; அடுத்தடுத்த ஸ்வரம் வேறு வேறு கம்பியில் விழுவதால் ஒன்றன் மேல் ஒன்று மணி அடித்தாற்போல ஒலிக்கும். கம்பனேலா என்று பெயர், சின்ன மணி என்று அர்த்தம். உங்கள் கிட்டாரில் அதே இடங்களில் விரலை வைத்தால் டி, சி, ஏ மூன்றும் ஒரு ஸ்தாயி கீழே போய் விழும். மணியும் போச்சு, இறக்கமும் போச்சு.

டேப்லேச்சர், அதாவது கம்பியையும் ஃப்ரெட்டையும் காட்டும் குறியீடு, விரல் எங்கே என்று சொல்லும், என்ன ஒலிக்கும் என்று சொல்லாது. (ஸான்ஸ் எழுதுவது இத்தாலிய முறை, அடிக்கோடுதான் முதல் கம்பி. தலைகீழாக வாசித்து, “ரொம்ப நவீனமா இருக்கு சார்” என்றவரும் உண்டு.)

இதைவிட எரிச்சல், ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கி இடி மாதிரி பேஸ் சேர்ப்பது. ஸான்ஸ் கேட்காத பேஸ் அது. தயவுசெய்து வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? பழைய நைலான் கிட்டார் இருந்தால் ஆறாவதைக் கழற்றுங்கள். நாலாவது இடத்தில் இன்னொரு முதல் கம்பியைப் போட்டு டி-க்கு இறக்குங்கள். ஐந்தாவதில் இன்னொரு மூன்றாம் கம்பியைப் போட்டு ஏ-க்கு ஏற்றுங்கள். பெரிய செலவு ஆகாது. அதுவும் முடியாதென்றால் ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களை முதலில் எழுதிக்கொண்டு, அப்புறம் உங்கள் கிட்டாரில் அவற்றுக்கு இடம் தேடுங்கள். ஆனால் இதையே எல்லோருக்கும் பூசாதீர்கள். பிரெஞ்சு கிட்டார் கலைஞர் ரொபேர் த விசேயின் 1682, 1686 நூல்களுக்கு நாலாவது ஜோடியில் ஒரு கம்பி கீழ் ஸ்தாயியில் வேண்டும், ஐந்தாவது மட்டும் மேலேயே இருக்கும். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும்.

கிட்டார் போலவே மீட்டும் பழைய கருவிகளான மறுமலர்ச்சிக் கால லூட்டும் விஹுவெலாவும் இந்தளவு தொல்லை தராது, உங்கள் கிட்டாரின் மூன்றாவது கம்பியை அரை ஸ்வரம் இறக்கினால் விரலிடங்கள் பொருந்திவிடும். லூட் வகையைச் சேர்ந்த தியோர்போவில் மறுபடி கவனம்: நீளமான கருவி, நரம்புக் கம்பி தாங்காது என்று முதல் இரண்டையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருப்பார்கள். த விசே தன் தியோர்போ, லூட் உருப்படிகளை 1716-ல் அச்சிட்டபோது டேப்லேச்சரையே விட்டுவிட்டு, மேல்குரலும் பேஸும் மட்டுமாகச் சாதாரண ஸ்வரக் குறியீட்டில் கொடுத்தார். கருவி மாறும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, லூட்டில் கிட்டார் கம்பி போடாதீர்கள். அதன் மேல்பலகை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிளந்த பிறகு என்னிடம் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை.

இனி ஸான்ஸ் அனுப்புகிறவர்கள், பதிவின் தொடக்கத்தில் நாலாவதையும் ஐந்தாவதையும் தனித்தனியாக ஒரு தட்டு தட்டிக் காட்டுங்கள். மீதியை அதற்கப்புறம் கேட்கிறேன்.