மலிவு விலைப் பிஸ்டல்: ஆபத்தில் கைகொடுக்குமா?

1911 மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் ஒரு பிஸ்டலைச் சோதித்துப் பார்த்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் செய்து கொடுத்த பிஸ்டல் அது. ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட்டார்கள். கடைசித் தோட்டாவரை அது ஒரு தடவைகூட ஜாம் ஆகவில்லை என்று பதிவாகியிருக்கிறது. போட்டிக்கு நின்ற இன்னொரு பிஸ்டல் 37 தடவை மக்கர் செய்ததாம்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குகிறவர்கள் நடுவில் தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது. தற்காப்புக்கென்று 200 டாலர் பிஸ்டலை வாங்கலாமா, அல்லது கடன்பட்டாவது 600 டாலருக்குப் போக வேண்டுமா? “காசுக்கேற்ற தோசை” என்பது ஒரு கட்சி. “பெயருக்குத்தான் அந்தக் காசு” என்பது எதிர்க்கட்சி. வீட்டில் துப்பாக்கி வைப்பதால் ஆபத்து குறையுமா கூடுமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி, அதை இங்கே தொடப் போவதில்லை. அந்த இயந்திரத்தை மட்டும் கழற்றிப் பார்ப்போம்.

பிஸ்டல் சுடுவது என்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. கோளாறு வருவது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்.

விசையை இழுத்ததும் ஓர் ஊசி தோட்டாவின் அடியில், அடிபட்டால் தீப்பொறி கிளப்பும் பிரைமரைக் குத்துகிறது. வெடிமருந்து எரிகிறது. சாதாரண 9 மி.மீ. தோட்டாவில் வாயு அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்குக்கு மேல் போகலாம். 8 கிராம் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பறக்கிறது. அதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. குண்டு முன்னால் போன அதே தள்ளலில், துப்பாக்கியின் மேல் பாகமான ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. ஓடும்போதே ஒரு சின்னக் கொக்கி காலிக் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கிறது, ஒரு முளை அதைத் தட்டி வெளியே எறிகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. அப்புறம் அந்த ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினின் உச்சியில் இருக்கும் தோட்டாவை உரித்தெடுத்து, ஒரு சின்னச் சரிவில் ஏற்றி, குழலின் வாயில் செருகி மூடிக்கொள்கிறது. எல்லாம் சேர்த்து விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கண் சிமிட்ட அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இத்தனை வேலைக்கும் சம்பளம் அந்த ஒரே தள்ளல்தான். அது குறைந்தால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. காலிக் கூடு வெளியேறும் வழியிலேயே மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். கூடினாலும் சிக்கல்தான். ஸ்லைடு போய்த் திரும்பும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கிக் கொடுக்காது. ஸ்லைடு வெறுங்கையோடு மூடிக்கொள்ளும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் வடிவமைத்தவர் எவ்வளவு தாராளமாக இடம் விட்டிருக்கிறார் என்பதுதான் நம்பகத்தன்மை. மசகு வற்றினாலும், அழுக்கு சேர்ந்தாலும், பலவீனமான தோட்டா வந்தாலும் அந்த இடத்துக்குள் நின்றுவிட்டால் போதும். மலிவு என்ற பெயரில் கை வைத்தால் முதலில் அடிபடுவது இந்தத் தாராளம்தான்.

மலிவுப் பிஸ்டலுக்குக் கெட்ட பெயர் வந்த கதையும் இதோடு சேர்ந்தது. 1968இல் அமெரிக்கா ஒரு துப்பாக்கிச் சட்டம் போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சின்ன, மட்டமான கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. உள்நாட்டில் செய்யத் தடை இல்லை. அந்தச் சந்து வழியாக, லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், லார்சின் என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. அவர்களுடைய மூலப்பொருள் ஸமாக் என்கிற துத்தநாகக் கலவை. துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மற்ற உலோகங்கள். 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும், அச்சில் ஊற்றி எடுத்தால் வேலை முடிந்தது. எஃகைக் கடைந்து, துளைத்து, பதப்படுத்தும் செலவு எதுவும் கிடையாது. கார் கதவின் கைப்பிடி, பொம்மைக் கார் எல்லாம் இதில்தான் வருகின்றன. மோசமான உலோகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான அடி வாங்கும் வேலைக்கு அது பிறக்கவில்லை. விளிம்பு மழுங்கும், பள்ளம் விழும், ஒருநாள் விரிசல் காணும். இல்லினாய் மாநிலச் சட்டம் இதைப் பிடிக்க ஒரு வேடிக்கையான வழி கண்டது: 800 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 427 செல்சியஸுக்குக் கீழே உருகவோ உருக்குலையவோ செய்யும் துத்தநாக வார்ப்பில் குழலோ ஸ்லைடோ, கைப்பிடி சேர்ந்த கீழ்ப் பாகமான சட்டகமோ இருந்தால் அந்தக் கைத்துப்பாக்கியைக் கடையில் விற்கக் கூடாது. துப்பாக்கியின் தரத்தை உருகுநிலையை வைத்து அளந்திருக்கிறார்கள்!

அந்தக் கால மலிவுப் பிஸ்டல்கள் பலவும் 25 காலிபர் போன்ற பொடித் தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டதற்கும் காரணம் உண்டு. 25 காலிபர் குண்டின் உந்தம் 9 மி.மீ. குண்டினுடையதில் கால்பங்குதான். அவ்வளவு சின்னத் தள்ளலுக்குக் குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டு எதுவும் தேவையில்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே குழலை அடைத்துப் பிடித்துக்கொள்ளும். உதிரிபாகம் குறைகிறது, விலை குறைகிறது.

இதே எளிய முறையில் 9 மி.மீ. சுட முடியுமா? முடியும், எடை வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 8 கிராம் குண்டு குழலுக்குள் 9 செ.மீ. ஓடுகிறது. ஸ்லைடு 400 கிராம் என்றால், அதே நேரத்தில் அது பின்னால் நகர்வது 2 மி.மீ.க்கும் குறைவு. தோட்டாக் கூட்டின் தடித்த அடிப்பாகம் இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கும். அழுத்தம் அடங்கியபின்தான் வாய் திறக்கும். ஸ்லைடை 200 கிராமாகக் குறைத்தால் நகர்வு இரட்டிப்பாகி, மெல்லிய சுவர்ப்பகுதி வெளியே தெரியும் இடத்துக்கு நெருங்கிவிடும். கூடு வெடித்துச் சுட்டவர் கையிலேயே சிதறலாம். ஒஹாயோ மாநிலத்தில் செய்யப்படும் ஹை-பாயின்ட் சி9 பிஸ்டல் செங்கல் மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான். பாலிமர் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் சட்டகம் இருந்தும் 800 கிராமுக்கு மேல் கனக்கிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஸமாக் ஸ்லைடில். வலுவில்லாத உலோகத்தைத் தடியாகத்தான் ஊற்ற வேண்டும், பூட்டில்லாத முறைக்கும் கனம்தான் வேண்டும். ஒரு குறை இன்னொரு குறைக்குச் சரியாகப் பொருந்திக்கொண்டது. பார்க்க அழகில்லை என்று எல்லோரும் கிண்டல் செய்கிற அந்தப் பிஸ்டலுக்குள் ஒரு நல்ல பொறியியல் யோசனை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

விலை உயர்ந்த பிஸ்டல்கள் வேறு வழியில் போகின்றன. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்தே சில மி.மீ. பின்னால் வரும், அதற்குள் குண்டு போய்விடும், அழுத்தம் அடங்கிவிடும். அப்புறம் குழலின் பின்முனை கீழே சாய்ந்து பூட்டு விடுபடும். பிரௌனிங்கின் யோசனை. காப்புரிமை எப்போதோ காலாவதி. இதைச் செய்ய ஒரு காலத்தில் தேர்ந்த கைகளும் நிறைய நேரமும் வேண்டியிருந்தன. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17, பாலிமர் சட்டகத்தை அச்சில் வார்த்தே ராணுவத் துப்பாக்கி செய்யலாம் என்று காட்டியது. கணினி கடைசல் இயந்திரங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. இன்றைக்கு பிரேசிலின் டாரஸ் மாதிரியான கம்பெனிகள் 300 டாலர் சுற்றுவட்டாரத்தில் விற்கும் பிஸ்டல்கள் இதே பூட்டு முறையில், எஃகு ஸ்லைடோடுதான் வருகின்றன. மலிவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஜாதி இருக்கிறது. அந்தக் காலத்து ஸமாக் பொடிப் பிஸ்டலைப் பற்றிய புகாரை இதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

விலை கூடினால் நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. குறிபார்த்துச் சுடுவதற்காக இம்மி இடைவெளி இல்லாமல் இழைத்துச் செய்த ஆயிரம் டாலர் பிஸ்டல்கள் சிலவற்றின் கையேட்டிலேயே, முதலில் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். இறுக்கம் துல்லியத்துக்கு நல்லது, அழுக்கைத் தாங்குவதற்கு ஆகாது.

சரி, ஜாம் ஆனால் துப்பாக்கியைத் திட்டுவோம், பெரும்பாலும் குற்றவாளி மேகசின். தகரத்தை மடித்துச் செய்த ஒரு பெட்டி, ஒரு ஸ்பிரிங், மேலே தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகள். அந்த உதடுகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கூடினாலும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். குறைந்தால் மூக்கு தாழ்ந்து சரிவில் முட்டிக்கொள்ளும். காங்கிரீட் தரையில் ஒரு தடவை விழுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் உதடு வளைந்திருக்கும். மலிவுப் பிஸ்டல்காரர்கள் குறடு வைத்து உதட்டை நெளித்துச் சரிசெய்வதெல்லாம் இதற்குத்தான்.

தோட்டாவின் மூக்கும் முக்கியம். பயிற்சிக்குச் சுடுவது உருண்டை மூக்கு, எந்தச் சரிவிலும் வழுக்கி ஏறும். தற்காப்புக்கு வைப்பது முனையில் குழி விழுந்த, தட்டையான மூக்கு. ஆயிரம் உருண்டை மூக்கை விழுங்கிய பிஸ்டல், குழிமூக்கில் இரண்டாவதிலேயே முட்டி நிற்கலாம். அப்புறம் கை. ஸ்லைடு பின்னால் ஓடச் சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டகமும் கூடவே ஓடும், ஸ்லைடுக்குக் கிடைக்க வேண்டிய தள்ளல் வீணாகும். எடை குறைந்த துப்பாக்கியில் இது அதிகம். சுடும் களத்தில் நிதானமாக இரு கையாலும் பிடித்தபோது வராத ஜாம், பதற்றத்தில் ஒரு கையால் சுடும்போது வருவது இதனால்தான்.

“நான் 200 சுட்டுப் பார்த்தேன், ஒரு ஜாம் இல்லை” என்பார்கள். இதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது: ஒரு தடவைகூடத் தவறாமல் எத்தனை சோதித்தீர்களோ, அதைக் கொண்டு 3ஐ வகுங்கள். உண்மையான கோளாறு விகிதம் அதற்குமேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 200 தோட்டா என்றால் 1.5 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அந்த விகிதத்தில் பத்துத் தோட்டா தொடர்ந்து சுடும்போது ஒன்றாவது ஜாம் ஆக 14 சதவீத வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியா மாநிலம் விற்பனைக்கு அனுமதிக்கும் முன் 600 தோட்டா சுட்டுப் பார்க்கச் சொல்கிறது. முதல் இருபதில் கோளாறே கூடாது, மொத்தத்தில் ஆறுவரை மன்னிப்பு. அதாவது 1 சதவீதம், தாராளமான மன்னிப்புதான். 2017இல் அமெரிக்க ராணுவம் புதிய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோது கேட்டதோ சராசரியாக 2,000 தோட்டாவுக்கு ஒரு ஜாம். இதை வீட்டில் நிரூபிக்க நினைத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

சுட வேண்டிய நேரத்தில் சுடுவது ஒன்று, சுடக் கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பது இன்னொன்று. விலைப் பட்டிமன்றத்தில் இரண்டாவதை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஜாம் ஆன பிஸ்டல் அதை வைத்திருப்பவரைத்தான் கைவிடும், கை தவறி விழுந்து வெடிக்கும் பிஸ்டல் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையைக்கூடக் கொல்லும். விசையை முழுதாக இழுக்கும்வரை ஊசியை மறித்து நிற்கும் ஒரு சின்ன எஃகு முளை, பழைய மலிவுப் பிஸ்டல்கள் பலவற்றில் கிடையாது. இதிலும் விலை மட்டும் காப்பாற்றாது. 2015இல் டாரஸ் தன் பழைய மாடல்கள் ஒன்பது கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற வழக்கில் சமரசத்துக்கு வந்தது. இரண்டே வருஷத்தில், ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் பி320 பிஸ்டலின் பொதுச்சந்தை வடிவமும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுட்டுவிடுவது தெரியவந்தது. துப்பாக்கி தரையில் மோதி நிற்கிறது, கனமான விசை மட்டும் தன் வேகத்தில் மேலும் நகர்ந்து தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக எடை குறைந்த விசையை மாட்டிக் கொடுத்தார்கள்.

300 டாலர் பிஸ்டல் வைத்திருக்கும் அனுபவசாலிகள் ஒரு காரியம் செய்வார்கள். மேகசின்களின் அடியில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டுவிடுவார்கள். ஜாம் ஆகும்போதெல்லாம் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் குறிப்பு முழுக்க ஒரே எண்ணாக நிற்கும். அந்த மேகசினைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே பிஸ்டலோடு தொடர்வார்கள்.