காசைச் சுண்டிப் பார்க்கும் பெட்டி

காசு போட்டால் மிட்டாயோ குளிர்பானமோ தரும் பழைய பெட்டிகளில் கணினிச் சில்லு கிடையாது, கேமரா கிடையாது. அப்படியிருக்க, உள்ளே விழுந்தது நல்ல காசா, அதே அளவில் வெட்டிய தகரமா என்று அவை எப்படிக் கண்டுபிடித்தன? ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வி இது.

ரயில் நிலையத்திலும் திரையரங்கு வாசலிலும் நின்ற அந்தப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் ஓசை மறக்காது. துளையில் காசு நுழையும் கிணுக்கம், உள்ளே ஏதோ உருளும் சத்தம், ஒரு நொடி மௌனம், பிறகு 'டக்'. அந்த 'டக்' வராவிட்டால், போட்ட காசு கீழே உள்ள கிண்ணத்தில் வந்து விழும். உருளலுக்கும் 'டக்'குக்கும் இடையில் அந்தக் காசு ஐந்து சோதனைகளைக் கடந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட காசின் மேல் அச்சிட்ட தலையையோ எண்ணையோ பார்ப்பதில்லை. ஐந்தும் காசின் அளவையும் எடையையும் உலோகத்தையும்தான் சோதிக்கின்றன.

எளிய பெட்டியிலிருந்து தொடங்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோ, கோயிலில் புனித நீர் வழங்கும் ஒரு கலத்தை விவரித்திருக்கிறார். காசு ஒரு நெம்புகோலின் நுனித் தட்டில் விழும். அதன் எடையால் தட்டு தாழும், மறுமுனை எழுந்து நீர்க்குழாயின் அடைப்பைத் திறக்கும். தட்டு சாயச் சாயக் காசு வழுக்கி விழுந்துவிட, அடைப்பு மூடிக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் போதிய எடையுள்ள கூழாங்கல்லைப் போட்டாலும் தண்ணீர் வரும்.

பிற்காலத்து பபிள்கம் பெட்டி காசைச் சாவியாகப் பயன்படுத்தியது. திருகும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சக்கரம், அதில் காசு உட்காரும் பள்ளம், சக்கரத்தின் மேல் வில் அழுத்திப் பிடித்த ஒரு தடுப்பு நாக்கு. பள்ளம் காலியாக இருந்தால் நாக்கு அதற்குள் விழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காசு இருந்தால் நாக்கு அதன் விளிம்பில் ஏறிக் கடந்துவிடும், சக்கரம் சுற்றும், அதோடு பல்சக்கரத்தால் இணைந்த துளைத்தட்டு ஓர் உருண்டையைக் கீழே தள்ளும். பாதி திருகிவிட்டுப் பின்னால் சுற்ற முடியாதபடி இன்னொரு நாக்கு தடுக்கும். இங்கேயும் அளவு சரியாக இருந்தால் வாஷரும் செல்லும். மலிவான மிட்டாய்க்கு அந்த நட்டம் பெரிதல்ல. 1888இல் நியூயார்க்கின் உயர்த்தள ரயில் நடைமேடைகளில் பபிள்கம் இல்லாத சாதாரணச் சூயிங்கம் விற்ற ஆடம்ஸ் நிறுவனப் பெட்டிகளின் காலத்திலிருந்தே கள்ளக் காசுக்கு வாய்ப்பு இருந்தது. சிகரெட், குளிர்பானம் என்று விலை கூடிய சரக்கு பெட்டிக்குள் வந்தபோது காசைக் கறாராகச் சோதித்தே தீர வேண்டியிருந்தது.

அதற்காக வந்த கருவி உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய உலோகத் தகடுகளின் அடுக்கு. காசுத் துளையே முதல் சல்லடை: விட்டமோ தடிப்போ கூடிய எதுவும் நுழையாது. நுழைந்த காசு ஒரு சிறு தராசில் விழும். ஒரு பக்கம் காசைத் தாங்கும் இரண்டு விரல்கள், மறுபக்கம் எதிர் எடை. விட்டம் குறைந்த வில்லை விரல்களுக்கு நடுவே நழுவித் திருப்பிக் குழாய்க்குப் போகும். விட்டம் சரியாக இருந்து எடை குறைந்தால் தராசு சாயாது, வில்லை அங்கேயே கிடக்கும். திருப்பித் தரும் நெம்பை அழுத்தும்போது கீல் வைத்த பக்கத் தகடு மொத்தமாகத் திறந்து அதைக் கொட்டிவிடும். எடை போதுமானால் தராசு சாய்ந்து காசை ஒரு சரிவுப் பாதையில் உருட்டிவிடும்.

அந்தச் சரிவின் பக்கவாட்டில் ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. இரும்பு வில்லை அதில் ஒட்டிக்கொள்ளும், நெம்போடு இணைந்த வழிப்பான் பிறகு அதைச் சுரண்டித் தள்ளும். இது யாரும் ஊகிக்கக்கூடியது. காந்தத்தின் உண்மையான வேலை ஒட்டாத உலோகங்களிடம்தான் தொடங்குகிறது.

காந்தப் புலத்துக்குள் உருளும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். லென்ஸ் விதிப்படி அவை தம்மைப் பிறப்பித்த இயக்கத்தையே எதிர்க்கும், ஆகவே காசின் வேகம் குறையும். எவ்வளவு குறையும்? தடுக்கும் விசை உலோகத்தின் மின்கடத்துதிறனையும், புலத்துக்குள் இருக்கும் உலோகத்தின் கன அளவையும், வேகத்தையும் பொறுத்துக் கூடும். அந்த விசையை நிறையால் வகுத்தால்தான் வேகக்குறைப்பு கிடைக்கும். நிறை என்பது கன அளவு பெருக்கல் அடர்த்தி. வகுக்கும்போது கன அளவு மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது! தோராயமாகச் சொன்னால், காசு தடித்ததா மெலிந்ததா என்பது கணக்கில் மிஞ்சுவதே இல்லை. மின்கடத்துதிறனை அடர்த்தியால் வகுத்தால் வரும் ஒரே ஓர் எண்தான் மிஞ்சுகிறது. அந்த எண் உலோகத்துக்கு உலோகம் மாறும்.

செம்பின் எண்ணை 100 என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்குச் சுமார் 90, துத்தநாகத்துக்கு 36, பித்தளைக்கு 30 அளவில். அலுமினியம் 200ஐத் தாண்டும். மின்சாரத்தைச் செம்பைவிடக் குறைவாகக் கடத்தினாலும் அது மிக லேசானது என்பதால் காந்தம் அதைத்தான் அதிகம் பிடித்து நிறுத்துகிறது. வீட்டில் செய்து பார்க்கலாம்: தடித்த அலுமினியத் தகட்டைச் சாய்த்து வைத்து அதன் மேல் ஒரு நியோடிமியம் காந்தத்தைச் சறுக்கவிடுங்கள். தேனில் இறங்குவதுபோல் இறங்கும். அதே சாய்வில் வழுவழுப்பான மரப்பலகையில் விட்டால் சட்டென்று கீழே வந்துவிடும்.

இப்போது அந்த வேகத்தை அளக்க வேண்டும். கடிகாரம் இல்லாமல் எப்படி? சரிவின் முனையில் பாதையை வெட்டிவிட்டார்கள். காசு அந்தரத்தில் பாய்ந்து பரவளையமாக விழுகிறது. வேகம் கூடினால் தூரம் போய் விழும், குறைந்தால் அருகிலேயே விழும். நேரத்தை அளக்க முடியாத கருவி தூரத்தை அளந்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. மெதுவாக வந்த காசு குறுக்கே நிற்கும் பிரிப்புத் தகட்டுக்கு இப்பால் விழும், மிக வேகமாக வந்தது எல்லை தாண்டிப் போகும். நடுவில் விழுவதுதான் நல்ல காசு. இந்தக் கருவியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பல நாடுகளின் காசுகள் 75% செம்பும் 25% நிக்கலும் சேர்ந்த கலவை. நிக்கல் கலந்ததும் செம்பின் கடத்துதிறன் படுத்துவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் அந்தக் கலவையின் எண் 5 அளவில்தான் வரும். ஈயத்தின் எண் சுமார் 6. காந்தத்தின் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஈயமோ கள்ளக் காசு வார்ப்பவர்களுக்குப் பிடித்த உலோகம், எளிதில் உருகும், எடையும் தாராளம்.

இங்கேதான் காசைச் சுண்டிப் பார்க்கும் பழைய வித்தை உள்ளே வருகிறது. பாய்ந்து வரும் காசு விழும் இடத்தில் கடினமான எஃகுத் துண்டு ஒன்றைப் பட்டடைபோல் பொருத்தியிருப்பார்கள். செம்பு-நிக்கல் காசு அதில் மோதித் துள்ளிப் பிரிப்புத் தகட்டைத் தாண்டும். ஈயம் நசுங்கி, மோதிய ஆற்றலைத் தானே விழுங்கிக்கொண்டு பொத்தென்று விழும். விரலால் சுண்டினால் எந்தக் காசு கணீரென்று ஒலிக்கிறதோ, அது இங்கே துள்ளும். இரண்டுக்கும் காரணம் மீள்தன்மைதான்.

இந்த எளிய கருவி ஒரு நாட்டின் நாணயத்தையே வடிவமைத்த கதை உண்டு. 1965இல் அமெரிக்கா 10, 25 சென்ட் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது. புதிய 25 சென்ட் காசின் எடை 6.25 கிராமிலிருந்து 5.67 கிராமாகக் குறைந்தது. முழுக்கச் செம்பு-நிக்கலில் அடித்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும், ஆனால் வெள்ளிக் காசுக்காக அமைத்த காந்தங்களைத் தாண்டி அது மிக வேகமாக ஓடிப்போயிருக்கும். ஆகவே செம்பு நடுவிலும் செம்பு-நிக்கல் தகடு இருபுறமுமாக ஓர் அடுக்குக் காசைத் தேர்ந்தார்கள். நடுச் செம்பின் கடத்துதிறன் அதை வெள்ளிக் காசுபோலவே உருள வைத்தது, நாடெங்கும் இருந்த பெட்டிகள் பழையதையும் புதியதையும் ஏற்றன. முடிவெடுக்கும் முன் உலோக ஆய்வுக்குச் செலவழித்ததால் கிடைத்த பலன் இது. பயன் உடனே கண்ணுக்குத் தெரியாத ஆய்வுக்கு நிதி வெட்டுபவர்கள் இந்தக் காசைக் கையில் எடுத்து அதன் விளிம்பில் தெரியும் செம்புக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த காசைப் பெட்டியின் உடம்பில் உரசிவிட்டு மறுபடி போட்டால் ஏற்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. உரசலுக்கு இதில் பங்கில்லை. காசு நுழையும் வேகமும் கோணமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், எல்லையில் தடுமாறிய காசு மறுமுறை தேறிவிடும். முதல் தடவையே தேறிய காசை யாரும் உரசுவதில்லை, திரும்பி வந்ததை உரசாமல் மறுபடி போட்டும் பார்ப்பதில்லை. தாயத்து கட்டியதும் காய்ச்சல் இறங்கியது என்பதும் இதே பிழைதான். சோதிக்க நினைப்பவர்கள், திரும்பி வந்த காசுகளில் பாதியை உரசியும் பாதியை உரசாமலும் போட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

இன்று பழைய பெட்டியைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி சாய்ந்திருந்தால் சரிவின் கோணம் மாறி நல்ல காசும் தவறான இடத்தில் விழும். அடுத்தது அழுக்கு. சிந்திய குளிர்பானத்தின் சர்க்கரைப் படலம் காசை மெதுவாக்கும், காந்தத்தில் சேரும் இரும்புத் தூள் பாதையைக் குறுக்கும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். சரிவில் எண்ணெய் விடவே கூடாது, அது தூசியைப் பிடித்து நாளடைவில் பசையாகிவிடும். தராசின் அச்சு இறுகியிருந்தால் கிராஃபைட் தூள் போடலாம்.

காந்தம் சோர்ந்துவிட்டது என்று அதைவிட மிக வலுவான நியோடிமியம் காந்தத்தை மாட்டுவது பெரிய தவறு. தடுக்கும் விசை புலத்தின் வர்க்கத்தில் ஏறும்: புலம் 2 மடங்கானால் தடை 4 மடங்கு. நல்ல காசுகள் எல்லாம் பட்டடைக்கு முன்பே விழுந்து திரும்பிவிடும். பழைய அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை) காந்தத்தை அதன் இரும்புத் துருவத் தகடுகளிலிருந்து கழற்றுவதும் ஆபத்து, காந்தச் சுற்று அறுந்ததும் அது தன் வலுவில் ஒரு பகுதியை இழக்கும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், விலக்கும்போதே துருவங்களின் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி வைத்து, திரும்ப மாட்டும்வரை அதை எடுக்காமல் இருங்கள்.