உறைமோரை மாற்றினால் மட்டும் தயிர் தோயாது: காகித ஆலைக் கழிவுநீர் பற்றிச் சில குறிப்புகள்

திருநெல்வேலிச் சீமையில் நான் போய்வரும் காகித ஆலைகளில் முதலில் எழும் கேள்வி, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியில் போட எந்தப் பாக்டீரியாப் பொடி நல்லது என்பதுதான். பொடியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொதிக்கிற பாலில் உறை ஊற்றிவிட்டு, தயிர் தோயவில்லை என்று உறைமோரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பழைய காகிதத்தைக் கூழாக்கும் ஆலையின் கழிவுநீரில் ஸ்டார்ச்சும் நுண்ணிய நார்த்துகளும் மிகுந்திருக்கும். ஸ்டார்ச்சைப் பாக்டீரியாக்கள் எளிதில் தின்றுவிடும். ஆனால் அவை பெருக நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும், காகிதக் கழிவுநீரிலோ இரண்டுக்குமே பஞ்சம். அதனால்தான் 100 பங்கு பி.ஓ.டி.க்கு (கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கில் யூரியாவும் டிஏபி உரமும் கரைத்து ஊற்றுகிறோம். புளோயர் என்னும் காற்றூதும் இயந்திரத்தால் தொட்டி நீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் இழைபோல் வளரும் இனங்கள் மேலோங்கி, பாக்டீரியாக்கள் திரண்ட கசடு அடியில் படியாமல் பஞ்சுபோல் எழும்பித் தெளிந்த நீரோடு வெளியேறிவிடும்.

ஒரு வைகாசிக் காலையில் ஓர் ஆலைக்குப் போனபோது, தொட்டியை நெருங்குமுன்பே அழுகிய முட்டை வாடை அடித்தது. “ராத்திரி கரண்ட் போயிட்டு சார், ஜெனரேட்டர மிஷினுக்கு மட்டுந்தான் கொடுத்தாவ” என்றார் பணியாளர். ஒரு லிட்டர் உருளையில் எடுத்துப் பார்த்தால், காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய கசடு கரியாகக் கறுத்திருந்தது. நுண்ணோக்கியில் ஒரு வோர்டிசெல்லாகூட அசையவில்லை. மணிபோன்ற தலையும் காம்பும் கொண்ட அந்த நுண்ணுயிர் பாக்டீரியா அன்று, பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. அது துடிப்போடிருந்தால் தொட்டி நலமாயிருக்கிறது என்று பொருள். வேறோர் ஆலையிலிருந்து டேங்கரில் உயிர்க்கசடு கொண்டுவந்து ஊற்றியும், பழைய நிலை திரும்ப மூன்று வாரம் பிடித்தது. புளோயர் நின்றதோ ஓரிரவுதான்.

பாக்டீரியாவால் ஆகாத காரியமும் உண்டு. மரம் அல்லது கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுக்கும் ஆலைகளில் நார்களை ஒட்டிவைக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்து நீரைப் பழுப்பாக்குகிறது. சாதாரணத் தொட்டிப் பாக்டீரியாக்கள் அதை எளிதில் சிதைப்பதில்லை. எனவே, நீர்நிலையில் விடுவதற்கான வரம்பாகிய லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே பி.ஓ.டி. இறங்கிய பிறகும் நீர் தேயிலைச் சாயம்போலவே இருக்கலாம். கூழைக் குளோரினால் வெளுக்கும்போது உண்டாகும் கரிமக் குளோரின் சேர்மங்களிலும் பல தப்பிவிடும். இவற்றுக்குப் பொடி தேடுவதைவிட வெளுக்கும் முறையை மாற்றுவதே சரி.

ஆற்றின் நிலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். தாமிரபரணி பாறைகளுக்கிடையே மெலிந்து ஓடும் கோடையில், கார்த்திகையில் ஆறு தாங்கிய அதே கழிவு மீனைச் சாகடிக்கலாம். பயந்துபோய் அளவுக்கு மீறி ஊற்றும் யூரியாவும் தீங்கே. எஞ்சிய நைட்ரஜன் அணைக்கட்டுக்கு மேல் தேங்கும் நீரில் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது.

கடைசியில் மிஞ்சுவது கசடு. நீக்கும் ஒவ்வொரு கிலோ பி.ஓ.டி.க்கும் சுமார் அரைக் கிலோ உலர்கசடு சேர்கிறது. அதைப் பிழிந்து, தளம் போட்ட கூரையடியில் வைக்காமல் வாய்க்கால் கரையில் குவித்துவிட்டால், ஐப்பசி மழை அதைக் கரைத்து, தொட்டியில் பிரித்ததையெல்லாம் மறுபடி ஆற்றிலேயே சேர்த்துவிடும்.