மெசின் போன தடத்தில் வைக்கோலைக் கிளறிப் பாருங்கள்

தை பிறந்தால் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம் எந்த வயலிலும் நெல் வெட்டு மெசின் சத்தம்தான். விவசாய இயந்திரங்கள் திருத்துகிற எனக்கும் அப்போது ஓய்வில்லை. போன காலபோக (மாரிகால நெல்) அறுவடையில் ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, பயிர் நல்லாத்தான் நிண்டது. பிறகேன் மூடை குறைஞ்சது?"

அவருடைய இளவயதில் அரிவு வெட்டிச் சூடு வைப்பார்கள், அதாவது கதிரோடு போராகக் குவித்து வைப்பார்கள். ஈரம் இறங்கிய பிறகு களத்தில் பரப்பி, மேலே மெசி உழவு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். அதற்கு முதல் மாடுகள் மிதித்தன. டயர் ஏறி மணி உடையும், மண்ணும் கல்லும் சேரும். ஆனால் சிந்திய நெல் கண்முன்னே கிடக்கும். கூட்டி அள்ளிச் சுளகில் புடைத்துவிடலாம். இப்போதைய மெசின் வெட்டு, சூடடிப்பு, தூற்றல் எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள்ளேயே முடிக்கிறது. சிந்தினதை வைக்கோல் மூடிவிடுகிறது.

பழையபடி வெட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் கிடையாது; தையில் ஒரு மழை அடித்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும்.

ஐயாவின் வயலில் நாலு ஈர்க்கை முறித்து ஒரு அடிச் சதுரம் கட்டினேன். வெட்டிய அகலத்தில் ஐந்து இடத்தில் வைத்து, வைக்கோலை விலக்கி, இரண்டு பேரும் குந்தியிருந்து எண்ணினோம். மெசின் வருமுன் தானாக உதிர்ந்ததைக் கழித்தால், சராசரி 38 மணி. 1,000 நெல்மணி ஏறக்குறைய 25 கிராம்; ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியென்றால் சதுர அடியில் கிடக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஏக்கருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போகிறது. ஐயா அதற்குப் பிறகு கனநேரம் பேசவில்லை.

கிடந்த மணிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். முற்றிய மணி தனித்தனியாகப் பதரோடு கிடந்தால் மெசினுக்குள் பதரை ஊதித் தள்ளுகிற காற்றாடியின் காற்று கூடிப்போச்சு. கதிரிலேயே ஒட்டியிருந்தால் கதிரை அடித்து மணி பிரிக்கிற டிரம்மின் வேகம் போதாது, அல்லது மெசின் ஓடுகிற ஓட்டத்துக்குப் பயிர் அளவுக்கு மிஞ்சி உள்ளே போகிறது. மூடையில் உடைந்த அரிசி தெரிந்தால் டிரம் மிஞ்சிச் சுற்றுகிறது. ஐயாவின் வயலில் காற்றும் கூடுதல், ஓட்டமும் கூடுதல். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் சாரதி விரட்டத்தான் செய்வார். இரண்டையும் குறைத்து அடுத்த துண்டில் எண்ணினோம்: 12.

ஈரத்தையும் மறக்கவேண்டாம். சூட்டில் கிடந்து தானாகக் காய்ந்த காலம் போய்விட்டது. மெசினிலிருந்து வரும் நெல்லில் 20 வீதம், சிலவேளை அதற்கு மேலும் ஈரம் இருக்கும். மூடையில் கட்டி இரவு முழுக்க வைத்தால் உள்ளே வெக்கை பிடிக்கும். அன்றைக்கே படங்கில் பரப்பி, 14 வீதத்துக்குக் கீழே இறக்குங்கள். விதைநெல் என்றால் கட்டாயம்.

அப்புறம் பன்றிநெல், நெல்லைப் போலவே இருக்கிற களை. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இளம்பயிரில் நெல்லோடு நெல்லாக நிற்கும், அறுவடைக்கு முன்னரே உதிர்ந்துவிடும். அதுவும் நெல் இனமே என்பதால் பயிரை விட்டு அதை மட்டும் கொல்ல மருந்தடிப்பது கடினம். வேறு ஊர் வயலில் வெட்டிய மெசினின் தொட்டியிலும் அடித்தட்டிலும் ஒளிந்திருந்து அது உங்கள் வயலுக்கு வரும். மெசின் வரம்பைத் தாண்டுமுன் வீதியோரத்திலேயே நிறுத்தி, கீழ்மூடிகளைத் திறந்து கொட்டச் சொல்லுங்கள். கை வைக்குமுன் இன்ஜினை நிறுத்தி, திறப்பை (சாவியை) கழற்றிச் சுத்தம் செய்கிறவரின் சட்டைப்பைக்குள் போடுங்கள்.