ஒட்டகத்தால கட்டுன கோட்டை: அந்தாலஸ் கலகத்துக்குப் பின்னாடி இருந்த போர் நுட்பம்

கி.பி. 6ஆம் நூற்றாண்டுல வட ஆப்பிரிக்காவுல ரோமப் பேரரசை எதிர்த்து நின்ன பெர்பர் தலைவர் அந்தாலஸ், அவரோட கலகத்துக்குப் பின்னாடி இருந்த நுட்பம் ஒட்டகத்துல இருந்து ஆரம்பிக்குது. பழகாத குதிரைக்கு ஒட்டகத்தைக் கண்டாலே ஆகாது. குதிரை காலங்காலமா மத்த மிருகத்துக்கு இரையா இருந்து பொழச்சு வந்த பிராணி, கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதால கிட்டத்தட்ட 350 டிகிரி வரைக்கும் பாக்கும், மூக்கும் ரொம்ப கூர்மை, தெரியாத உருவமோ தெரியாத வாடையோ வந்துச்சுன்னா நின்னு யோசிக்காது, முதல்ல ஓடிட்டு அப்புறம்தான் திரும்பிப் பாக்கும். கி.மு. 6ஆம் நூற்றாண்டுல பாரசீக ராஜா சைரஸ் சுமை ஒட்டகங்களை முன்னாடி நிறுத்தியே லிடியாவோட (இன்னைக்கு துருக்கி இருக்கற பக்கம்) குதிரைப்படையைக் கலைச்சாருன்னு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்காரு. ஒட்டகத்தோடயே வளர்ந்த குதிரைக்கு இந்தப் பயம் கிடையாது, அதனால பாலைவனத்துக்காரங்க குதிரை அமைதியா நிக்கும், வெளியூர்க் குதிரைதான் மிரளும்.

வட ஆப்பிரிக்காவுல பெர்பர் மக்கள் (ரோமாக்காரங்க மூர்னு சொன்னவங்க, தங்களை அமாசிக்னு சொல்லிக்கறவங்க) இதை ஒரு கோட்டையாவே மாத்துனாங்க. கபாவோன்னு ஒரு தலைவர் திரிப்போலி பக்கம், அப்போ வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஜெர்மானியக் குடியான வாண்டல்களோட படையை இப்படித்தான் அடிச்சாரு. கி.பி. 534ல மம்மெஸ்ங்கற இடத்துல பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசு) தளபதி சாலமன் எதிர்ல வந்தப்பவும் இதே ஏற்பாடுதான். ஒட்டகங்களை வட்டமா நிறுத்தி, முன்பக்கம் சுமார் 12 வரிசை ஆழம், நடுவுல பொம்பளைங்களும் குழந்தைங்களும், ஒட்டகக் கால்களுக்கு இடையில கேடயமும் ஈட்டியுமா ஆம்பளைங்க. அப்போ சாலமனோட ஆப்பிரிக்காவுல இருந்த வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் இதை விவரமா எழுதி வெச்சிருக்காரு.

இது ஏன் வேலை செய்யுதுன்னு யோசிச்சுப் பாருங்க. குதிரைப்படையோட பலமே வேகமும் எடையும்தான், ஆனா 400, 500 கிலோ உடம்புங்க அடுத்தடுத்து நிக்கற சுவத்துல எந்தக் குதிரையும் போய் மோதாது, அதுக்கு மேல வாடையும் கத்தலும் சேர்ந்துச்சுன்னா முன்னங்காலைத் தூக்கி மேல இருக்கறவனைத் தள்ளிவிட்டுடும், அந்தக் குழப்பத்துல கீழ இருந்து ஈட்டி பறந்து வரும். கல்லும் வேணாம் மரமும் வேணாம், தினமும் பால் குடுத்து சுமை தூக்கற மிருகமே மதில் சுவர், சண்டை முடிஞ்சா அந்த சுவரே எழுந்து நடந்து போயிடும். எனக்கு இது நிஜமாவே அபாரமான எஞ்சினியரிங்காத்தான் தெரியுது, இவங்களை வெறும் காட்டுமிராண்டிக் கூட்டம்னு எழுதினவங்க இதை சரியா பாக்கலை.

சாலமன் அதை உடைச்ச விதமும் எளிமைதான். எல்லாரையும் குதிரையை விட்டு இறங்கச் சொன்னாரு. மனுஷனுக்கு ஒட்டக வாடை ஒண்ணும் பண்ணாது இல்லையா, 500 பேரோட வட்டத்துல ஒரே பக்கமா ஓடிப்போய் சுமார் 200 ஒட்டகத்தை வெட்டினதும் மொத்த வட்டமும் சிதறிடுச்சு. சுத்திலும் பலமா இருக்கற வட்டம் ஒரு இடத்துல கிழிஞ்சா போதும், மிச்சப் பக்கத்துல நிக்கறவங்களால எந்தப் பிரயோஜனமும் இல்ல.

அந்த நாள்ல அந்தாலஸ் ரோமப் பேரரசோட பக்கம்தான் இருந்தாரு. இவர் இன்னைக்கு துனிசியாவா இருக்கற பைசாசீனாவுல ஃப்ரெக்செஸ்ங்கற குடியோட தலைவர், 530 வாக்குலயே வாண்டல் படையைத் தோக்கடிச்சவர். ரோமுக்கு விசுவாசமா இருக்கறதுக்காக அவருக்குப் படி, அதாவது மானியம், வந்துட்டிருந்துச்சு. அந்த ஆட்சி நடந்ததே அப்படித்தான், தலைவனுக்குப் படியும் மரியாதையும் போகணும், அதை வெச்சு அவன் தன் ஆளுங்களைக் கட்டுக்குள்ள வெச்சுப்பான். சாலமன் அந்தப் படியை நிறுத்தினாரு, அந்தாலஸோட சகோதரனையும் கொன்னுட்டாரு. அதே சமயத்துல லெப்டிஸ் மாக்னாவுல (இன்னைக்கு லிபியாவுல இருக்கு) சாலமனோட சகோதரன் மகன் செர்ஜியஸ், ரோமாக்காரங்க தங்க பயிரைக் கொள்ளையடிச்சதைப் பத்தி முறையிட வந்த லெவாத்தேங்கற பெர்பர் குடிப் பெரியவங்க 80 பேரை சத்தியம் பண்ணி உள்ள கூப்பிட்டு, விருந்துலயே வெட்டிச் சாய்க்க வெச்சுட்டாரு, தப்பிச்சது ஒரே ஒருத்தர். மலை ஆளுங்களான அந்தாலஸ் கூட்டமும் ஒட்டகக்காரங்களான லெவாத்தேயும் ஒண்ணு சேர்ந்தது இந்த ரெண்டு துரோகத்தாலதான்.

544ல இன்னைக்கு காசரீன்னு சொல்ற சில்லியம் பக்கம் சண்டை, சாலமனோட குதிரை ஒரு பள்ளத்துல இடறி விழுந்து, கூட இருந்தவங்க தூக்கி ஏத்தியும் ஓட முடியாம அங்கயே செத்தாரு. அந்தாலஸ் ஜஸ்டினியனுக்கு ஒரு கடிதம் அனுப்புனதா புரோகோபியஸ் சொல்றாரு, சாலமனுக்கு அப்புறம் ஆளுநரான செர்ஜியஸை எடுத்துட்டு வேற ஆளை அனுப்புங்க, சமாதானமா இருக்கோம்னு. சக்கரவர்த்தி கேக்கலை. ஒரு அதிகாரியை மாத்தியிருந்தா மிச்ச நாலு வருஷ ரத்தம் இருந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா அவர் கேட்டது தனி நாடு இல்ல, மரியாதையான ஆளுநர்தான்.

546 கடைசியில யோவான் த்ரோக்லிதாங்கற தளபதி வந்தாரு. முதல்ல ஜெயிச்சாரு, சாலமன் காலத்துல பறிபோன கொடிகளை மீட்டாரு, 547 கோடையில தெற்கே துரத்திட்டுப் போய் தோத்தாரு, 548ல திரும்ப மோதி 17 தலைவர்களைக் கொன்னாரு. அந்தாலஸ் அடிபணிஞ்சாரு. அந்தச் சண்டையில யோவான் பக்கம் நின்ன பெர்பர் தலைவர்கள்ல முக்கியமானவர் குட்சினாஸ், 14 வருஷம் முன்னாடி மம்மெஸ்ல அந்த ஒட்டக வட்டத்தை நிறுத்துன தலைவர்கள்ல ஒருத்தர்.