டைகர் வேடத்தில் ஒரு டி-34

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது இருவருமாக உட்கார்ந்து 'சேவிங் பிரைவேட் ரயன்' பார்த்தோம். கடைசிச் சண்டையில் இடிந்துபோன தெருவுக்குள் ஜெர்மானிய டைகர் டாங்கி உறுமிக்கொண்டு நுழையும். "அது டைகர் இல்லடா. ரஷ்யக்காரன் டி-34. மேலே வேஷம் கட்டியிருக்காங்க" என்றேன். படத்தை நிறுத்திவிட்டான். "பார்த்தே சொல்றீங்களா மாமா, இல்ல எங்கயாவது படிச்சீங்களா?"

படித்ததும் உண்டுதான். ஆனால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், அதற்குப் பள்ளி இயற்பியல் போதும் என்றேன். நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் வேஷம்? டைகர்-1 மொத்தமே 1,300 சொச்சம்தான் தயாரானது. அதில் மிஞ்சியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொந்த இன்ஜினில் ஓடக்கூடியது ஒன்றே ஒன்று, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டி-34 அப்படியல்ல. போர்க்காலத்தில் மட்டும் 50,000-க்கு மேல் செய்தார்கள். போர் முடிந்த பிறகும் பல நாட்டுப் படைகள் அதை ஓட்டிக்கொண்டிருந்தன. எனவே படக் கம்பெனிகள் டி-34 ஒன்றைப் பிடித்து, மேலே தகட்டால் பெட்டி கட்டி, நீளக் குழாயைச் செருகி, சிலுவைக் குறி வரைந்துவிடுவார்கள். யூகோஸ்லாவியாவில் எடுத்த 'கெல்லீஸ் ஹீரோஸ்' (1970) படத்து டைகர்களும் இதே சாதிதான். 1965-இல் வந்த 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' படத்தில் இந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பெயின் ராணுவத்திடம் இருந்த அமெரிக்க எம்-47 டாங்கிகளுக்குச் சாம்பல் நிறம் அடித்து, ஜெர்மானிய டாங்கி என்று ஓட்டிவிட்டார்கள்!

மேல்பாதி எப்படியும் ஏமாற்றும். கண்ணைக் கீழே இறக்குங்கள்.

டி-34-இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், நடுவில் இடைவெளி. டைகரில் எட்டு அச்சுகள். போவிங்டன் வண்டி போன்ற முந்தைய வகையில் அச்சுக்கு மூன்றாக, பக்கத்துக்கு 24 சக்கரங்கள். ஓட்டு வீட்டுக் கூரையின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். 57 டன் எடையைத் தரையில் பரப்பி இறக்க இந்த ஏற்பாடு. உள்ளே இருக்கும் சக்கரம் ஒன்று கெட்டுப்போனால் வெளியே இருப்பவற்றையெல்லாம் கழற்ற வேண்டும்; ரஷ்யக் குளிரில் இடுக்குச் சேறு உறைந்துவிட்டால் இன்னும் அவதி. அது தனிக் கதை. சக்கரத்தை எண்ணினாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும்.

ஆனால் கேமராமேன் கெட்டிக்காரர். தூசி, புகை, உடைந்த சுவர் என்று எதையாவது வைத்துச் சக்கரங்களை மறைத்துவிடுவார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் மேல்பகுதி மட்டும் தெரிகிறது, அப்போது என்ன செய்வது? எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

வீட்டில் சைக்கிளோ பைக்கோ இருந்தால் செயினைப் பாருங்கள். பெடலை மிதிக்கும்போது மேல் செயின் விறைப்பாக இருக்கும், கீழ்ச் செயின் தொங்கும். முன்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட், அதாவது பல்சக்கரம், தன்னை நோக்கி வரும் செயினைத்தான் இழுக்கிறது. தாண்டிப் போகும் செயினை அது தள்ள முடியாது. செயின் இழுக்கும், தள்ளாது. வரும் பக்கம் விறைக்கும், போகும் பக்கம் தளரும். இவ்வளவுதான் சூத்திரம்.

டாங்கியின் பட்டையும் ஒரு செயின்தான். சைக்கிளில் செயினின் மறுமுனை பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிறது; இங்கே மறுமுனை பூமியையே பிடித்திருக்கிறது. வண்டியின் எடை ஏறி நிற்பதால் கீழ்ப்பட்டை தரையோடு ஒட்டிக் கிடக்கும். டாங்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும் தரையில் கிடக்கும் அந்தப் பகுதியின் வேகம் சுழியம். மேல்பட்டை 40 கிலோமீட்டரில் முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்.

டைகரில் இன்ஜின் பின்னால், கியர்பெட்டி முன்னால். வண்டியின் தரைக்கடியில் ஒரு தண்டு ஓடி, முன்னால் இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அதற்கு வந்து சேரும் பட்டை மேல்பட்டை. ஆகவே டைகர் கிளம்பும் நொடியில் மேல்பட்டை முழுவதும் விறைக்கும். சும்மா நிற்கும்போது சக்கரங்களின் தலையில் சோம்பலாகப் படுத்திருந்த பட்டை, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நிமிரும். அந்த இழுவிசை பின்னால் போய், வளைந்து இறங்கி, தரையைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுகிறது.

டி-34-இல் இன்ஜின், கியர், ஸ்ப்ராக்கெட் எல்லாமே பின்னால். அந்த ஸ்ப்ராக்கெட்டை நோக்கி வருவது தரையிலிருந்து ஏறும் பட்டை. விறைப்பெல்லாம் கடைசிச் சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே உள்ள சின்னத் துண்டிலேயே தீர்ந்துவிடும். மேல்பட்டைக்கு வேலையே இல்லை. துணி காயப்போட்ட கயிறு காற்றில் ஆடுவது போலச் சக்கரத்துக்குச் சக்கரம் தொய்ந்து, தளும்பிக்கொண்டே போகும். ஓடும் வண்டியின் மேல்பட்டை அலை அலையாக ஆடினால், மேலே எத்தனை சிலுவை வரைந்திருந்தாலும் அது டைகர் இல்லை. முன்சக்கரத்தில் போலிப் பல் ஒட்டலாம், பக்கத்தில் தகடு தொங்கவிடலாம். ஆனால் இழுவிசை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பிளைவுட் மாற்றாது.

இன்னொரு சாட்சி, நிற்கும் விதம். டி-34-இல் சுருள்வில் உண்டு, ஷாக் அப்சார்பர் கிடையாது. சட்டென்று பிரேக் போட்டால் மூக்கு குனியும், நிமிரும், மறுபடி குனியும். பழைய அம்பாசடர் கார் வேகத்தடை தாண்டியது போல. டைகரில் முறுக்குத்தண்டு வில், கூடவே ஷாக் அப்சார்பர். ஒருமுறை குனிந்து அடங்கிவிடும்.

பீரங்கிக் குழாய் பின்வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் சிலர். அதை நம்பாதீர்கள். போலி வண்டியில் வாயுவைக் கொளுத்தித் தீ காட்டுவார்கள், குழாய் அசையாது, சரி. ஆனால் அசல் டாங்கியிலும் படப்பிடிப்புக்கு வெற்று மருந்தைத்தானே வெடிப்பார்கள்? முன்னால் பறந்துபோகப் பத்துக் கிலோ குண்டு இல்லாதபோது குழாய் எதற்குப் பின்னால் உதைக்க வேண்டும்? நியூட்டனின் மூன்றாம் விதி அசலுக்கும் போலிக்கும் ஒன்றுதான்.

அசலைப் பார்க்க வேண்டுமென்றால் 2014-இல் வந்த 'ஃபியூரி' பாருங்கள். 1943-இல் துனிசியாவில் பிரிட்டிஷார் கைப்பற்றிய அதே டைகர் 131-ஐ போவிங்டன்காரர்கள் படத்துக்கு அனுப்பினார்கள். கிளம்பும் காட்சியில் மேல்பட்டையைக் கவனியுங்கள்.

பழைய இரும்பை ஓட்டிக்காட்டப் பணம் செலவழிப்பது வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிற்கும் வண்டி இந்தப் பாடத்தை நடத்தாது. 1965-இல் ஆவடியிலிருந்து முதலில் வெளிவந்த விஜயந்தா டாங்கி இன்று பல ஊர்களில் மேடைமேல் நிற்கிறது. நான் பார்த்தவற்றில் சக்கரம், பட்டை, பல் என்று வேறுபாடில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பெயின்ட். ஒன்றையாவது ஓட வைத்து, வருஷத்துக்கு ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினால் என்ன? ராக்கெட் மாடல்களுக்குக் கொடுக்கும் காசில் சிறு துளி போதும். விஜயந்தாவுக்கும் ஸ்ப்ராக்கெட் பின்னால்தான். பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டினோம். பையன் டிவிக்கு ஒரு முழத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, அப்போ பிரேக் போட்டா தலைகீழா ஆகணுமே?" என்றான். ஆமாம். பைக்கில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கீழ்ச் செயின் விறைப்பது போல, பின்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட் பட்டையைத் தடுத்துப் பிடிக்கும்போது அதன் மேல்பட்டைதான் விறைக்கும். ரிவர்ஸ் எடுத்தாலும் அப்படியே.

"அப்போ இந்த டூப்ளிகேட் டைகர், நிக்கப் போற அந்த ஒரு செகண்ட் மட்டும் நிஜ டைகர் மாதிரி தெரியும்" என்றவன், ரிமோட்டை எடுத்து அந்த இடத்தைத் தேட ஆரம்பித்தான்.