செக்ரோலைக் காக்கும் பெட்டி

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருவது, பெண் என்றால் 50 வயதில், ஆண் என்றால் 55 வயதில். அதுவரைக்கும் அவருடைய செக்ரோல் விபரம், அதாவது வேலை நாளும் சம்பளமும் பதிந்த கணக்கு, அழியாமல் இருந்தாக வேண்டும். பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனி இந்தக் கணக்கையெல்லாம் நுவரெலியாவில் ஓரிடத்தில் வைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வாங்குவது ஸ்டோரேஜ் அரே எனப்படும் பெட்டி: பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க், அவற்றை நடத்தும் இரண்டு கொன்ட்ரோலர், இரண்டு பவர் சப்ளை. என்றாவது ஒன்று கெட்டே தீரும் என்ற நினைப்பில் செய்யப்பட்ட பொருள் இது. அமைக்கிறவரும் அதே நினைப்போடு இருப்பது நல்லது.

மலையில் முதல் கவலை ஈரம். இரவெல்லாம் லொறியில் குளிர்ந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால், குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அடுத்தது உயரம். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, அதே விசிறி சுற்றினாலும் குறைந்த வெப்பத்தையே அள்ளிச் செல்லும். அதனால்தான் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கப்பட்ட அறை வெப்பத்தில் ஒரு பாகையைக் கழிக்கச் சொல்கின்றன. இங்கே மூன்று பாகை போகும். ஊர்க் குளிர் அதை ஈடுகட்டிவிடும் என்பது வேறு விஷயம்.

மின்சாரம் கொடுத்ததும் நிர்வாகப் போர்ட்டில் மடிக்கணினியைச் செருகி உள்ளே போகலாம். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அப்போதே மாற்ற வேண்டும். அது கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். அப்புறம் நேரம். பெட்டியில் தரவை எழுதி வாசிக்கும் கணினிதான் சேர்வர். அதற்கும் பெட்டிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், கெர்பரோஸ் எனப்படும் அடையாளச் சோதனை முறையில் நுழைவு மறுக்கப்படும். இலங்கை 1996இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்கு வந்தது. எனவே நேர வலயத்தைத் தெரிவு செய்த கையோடு, திரையில் வரும் மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்போகாது.

இனித்தான் அசல் வேலை: டிஸ்க்குகளை ஒரு குழுவாகக் கட்டுவது. ரெய்ட் எனப்படும் இந்த முறையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்தார்கள். மூன்று பேர் பறித்த கொழுந்தின் நிறையையும் மொத்தத்தையும் எழுதி வைத்திருந்தால், ஒருவரின் வரி மழையில் நனைந்து அழிந்தாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான். கூட்டலுக்குப் பதிலாக ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்ப்பார்கள். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்றிருந்தால் ஒன்றுகள் இரட்டை எண்ணிக்கையில் உள்ளன. நாலாவதில் 0 எழுதப்படும். நடு டிஸ்க் போய்விட்டால், மிச்சமிருக்கும் 1, 1, 0 இல் ஒன்றுகள் ஏற்கனவே இரட்டை. ஆகவே தொலைந்தது 0.

ஒரு டிஸ்க் போனால் இது போதும். ஆனால் 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை, விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் முழுதாக எழுதவே 11 மணி நேரம் வேண்டும். சேர்வர்கள் வேலை வாங்கிக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அந்த இடைவெளியில், ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவு உழைத்த இன்னொரு டிஸ்க் படுத்துவிட்டால்? இரண்டு இழப்பைத் தாங்கும் ரெய்ட் 6ஐத்தான் நான் சொல்வேன். பன்னிரண்டில் ஒன்றை உதிரியாக ஒதுக்கி, இரண்டைக் காப்புக் கணக்குக்குக் கொடுத்தால், தரவுக்கு ஒன்பது, அதாவது 72 டெராபைட். திரையில் 65.5 என்று வரும், யாரும் ஏமாற்றவில்லை. விற்பவர் ஆயிரத்தால் வகுக்கிறார், கணினி 1,024ஆல் வகுக்கிறது.

சேர்வர் எழுதுவது நேரே டிஸ்க்குக்குப் போவதில்லை. ஒரு கொன்ட்ரோலர் அதை நினைவகத்தில் வாங்கி, மற்றதற்கும் பிரதி கொடுத்துவிட்டு, 'சரி, எழுதியாயிற்று' என்று பதில் சொல்லிவிடும். அந்தக் கணத்தில் மின்சாரம் போனால், உள்ளேயிருக்கும் பற்றரி, மின்சாரம் இல்லாமலும் தரவைக் காக்கும் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு அதை மாற்றும் வரை தாங்கும். முதல் நாள் பற்றரி முழுதாக ஏறியிருக்காது. அதுவரை சில பெட்டிகள் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும். 'புதுப் பெட்டி ஆமை மாதிரி இருக்கிறதே' என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் சிலவேளை இதுதான். யூ.பி.எஸ். இருந்தாலும், 2022 மார்ச் கடைசியில் வந்த 13 மணி நேர மின்வெட்டுக்கெல்லாம் அது நிற்காது. ஒழுங்காக அணைத்துவைக்க அவகாசம் தருவதே அதன் வேலை.

பிறகு 72 டெராபைட்டைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எந்தச் சேர்வருக்குத் தெரிய வேண்டும் என்று குறிக்க வேண்டும். இதில் அசட்டை கூடாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சேர்வர்கள் ஒரே துண்டில் எழுதினால், ரெய்ட் எல்லாம் நலமாக இருக்கும்போதே கோப்புகள் சிதைந்துபோகும்.

செக்ரோலை ஏற்றுவதற்கு முன் ஒரு கேபிளைப் பிடுங்க வேண்டும், ஒரு டிஸ்க்கை உருவ வேண்டும். உதிரி தானாக எழுந்து வேலையை எடுக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நேரம் வராது.

இவ்வளவும் ஒரே கட்டடத்துக்குள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயன்களை மண் மூடியதை மலையகம் மறக்காது. இரண்டாவது பெட்டி வேறு ஊரில், வேறு மலைச்சரிவில் இருக்க வேண்டும். ஆனால் சேர்ந்த தரவு 20 டெராபைட் என்றால்கூட, அதை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப 18 நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால் இரண்டு பெட்டியையும் முதலில் ஒரே அறையில் வைத்து முழுப் பிரதியை எடுத்துவிடுவார்கள். அப்புறம் இரண்டாவதை வேனில் ஏற்றி, பதுளைக்கோ கண்டிக்கோ கொண்டுபோய், அன்றன்றைக்கு மாறியதை மட்டும் இணைப்பு வழியே அனுப்புவார்கள்.